மூன்று கொட்டேஷன், ஒரு நண்டு கம்பெனி: எந்தத் தர முறையை முதலில் எடுப்பது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே, எங்கள் பேச்சில் வடகடல் என்கிற பாக் விரிகுடாவைப் பார்த்தபடி நிற்கிற ஒரு நண்டு கம்பெனி. நூறு பெண்களுக்குக் குறையாமல் அங்கே சதை எடுக்கிறார்கள். அதன் முதலாளி சென்ற மாதம் என்னைக் கூப்பிட்டு, மேசையில் மூன்று கொட்டேஷன்களை விரித்தார். ஒன்று ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் வாங்கித் தருவதற்கு. இன்னொன்று சிக்ஸ் சிக்மா பயிற்சிக்கு. மூன்றாவது முழுமைத் தர மேலாண்மை, அதாவது டி.க்யூ.எம்.; ஒன்றரை வருடத் திட்டம்.

"சார், வருஷத்துக்கு ஒண்ணுதான் என்னால முடியும். இதுல எதை எடுத்தா சரக்கு திரும்பி வராது?" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன் பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையிலேயே தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்திருக்கிறேன். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கடலுணவு இல்லாத சிறு தொழிற்சாலைக்காரர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உணவில் ஆபத்து வராமல் காக்கும் ஹாசப் (HACCP) முறை இந்த மூன்றோடு சேர்ந்தது இல்லை. 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களின் உணவுக்காக உருவான முறை அது. 1997 டிசம்பர் 18 முதல் அமெரிக்கச் சந்தைக்குப் போகும் கடலுணவுக்கெல்லாம் கட்டாயமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவைச் சில மாதங்கள் தடுத்து நிறுத்தியதும் அதே 1997-இல்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்தவர்கள் அந்தத் தடையின் கதையைச் சொல்லித்தான் எங்களுக்குக் கை கழுவவே கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே ஹாசப் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்க இடமில்லை. அது இல்லாமல் ஏற்றுமதிக்கு டப்பா வெளியே போகாது.

ஆனால் ஹாசப் பார்ப்பது ஆபத்தை மட்டும். நண்டு சரியாக வெந்ததா, வெந்த நண்டு நேரத்தோடு ஆறியதா, டப்பா மூடிய பிறகு பாஸ்டரைஸ் தொட்டியில் போதுமான சூடும் நேரமும் கிடைத்ததா, அதன் பிறகு 3.3 டிகிரிக்குக் கீழே குளிரில் இருந்ததா என்று கேட்கும். காற்றுப் புகாத டப்பாவுக்குள் போட்டுலினம் கிருமி நஞ்சு உண்டாக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 3.3. கைப்புண்ணுக்குத் தடவும் களிம்பில் குளோராம்பெனிக்கால் இருக்கிறதா என்றுகூட நாங்கள் பார்ப்போம், ஏனென்றால் அந்த மருந்தின் சுவடு தெரிந்தாலே சரக்கை நிராகரிப்பார்கள். இவ்வளவும் தேவை. ஆனால் பெரிய உருண்டைச் சதை ஏன் உடைந்து சின்னச் சதையாகப் போகிறது, டப்பாவில் ஏன் ஓட்டுத் துண்டு வருகிறது, வாங்குபவர் ஏன் ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார் என்றெல்லாம் ஹாசப் கேட்காது. மூன்று கொட்டேஷன்களும் வருவது அந்த இடத்தை நிரப்பத்தான்.

எதை எடுப்பது என்பதற்கு முன்னால் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அளவுகோல் அதிலிருந்துதான் வந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வாங்குபவரிடமிருந்து கடிதம் வந்தது: டப்பாவில் ஓட்டுத் துண்டு அதிகம். ஒலைக்கால் நண்டின் ஓடு உடைந்தால் ஊசி மாதிரி இருக்கும், சாப்பிடுகிறவர் வாயைக் கிழித்துவிடும். கடிதம் வந்த அன்றைக்கே முதலாளி செக்கிங் மேசைக்குப் பின்னால் இன்னொரு செக்கிங் மேசை போட்டார். யாராக இருந்தாலும் முதலில் தோன்றுவது அதுதான். நானும் சரி என்றேன்.

ஒரு மாதத்தில் நிலைமை கெட்டது. முன்பு இரண்டு கை பட்ட சதையில் இப்போது நாலு கை பட்டது. பின்காலின் அடியில் திரண்டிருக்கும் பெரிய சதையைத்தான் ஜம்போ என்றும் லம்ப் என்றும் பிரிக்கிறோம். விலை அதில்தான் இருக்கிறது. இரண்டாம் முறை விரலால் துழாவும்போது அது உதிர்ந்து, ஸ்பெஷல் என்கிற விலை குறைந்த சின்னச் சதையோடு போய்ச் சேர்ந்தது. ஐஸுக்கு வெளியே சதை இருக்கும் நேரமும் கூடியதால், லேப் அறிக்கையில் கிருமி எண்ணிக்கையும் மேலே ஏறியது. ஓட்டுத் துண்டு மட்டும் குறையவில்லை. மேற்பார்வையாளர்கள் பெண்களைத் திட்டத் தொடங்கினார்கள். திட்டு வாங்கியவர்களில் நாலைந்து பேர் வேலையை விட்டு நின்றார்கள்.

அப்போதுதான் ஒரு கிராப் தாளை எடுத்தேன். ஒவ்வொரு மேசையிலிருந்தும் அரைக் கிலோ சதை எடுப்பது, புற ஊதா விளக்குக்குக் கீழே பரப்புவது, நீலமாக மினுங்கும் ஓட்டுத் துண்டுகளை எண்ணுவது, தாளில் ஒரு புள்ளி வைப்பது. இருபத்தொரு நாள் இதையே செய்தோம். புதிதாக வந்த பெண்கள் இருக்கும் மேசையில் புள்ளி உயரும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. மூன்று சமயங்களில் எல்லா மேசைகளிலும் ஒரே நேரத்தில் உயர்ந்து, பிறகு எல்லாவற்றிலும் ஒன்றாகத் தாழ்ந்தது.

தாளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். கை கழுவ வந்த ஒரு அக்கா, கடலோரக் கிராமத்துக்காரர், புள்ளி உயர்ந்த இடத்தில் ஈர விரலை வைத்தார். "சார், இது வாடை அடிச்ச நாளுல்ல. வலையெடுக்கப் போகலையே. ரெண்டு நாள் வலையில கெடந்த நண்டு சார் இது, செத்த நண்டு. சதை ஓட்டோட ஒட்டிக்கிட்டு வரும், நாங்க என்ன பண்ணுவோம்?"

வாடைக் காலத்தில் வடகடல் எப்படிப் புரளும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். காற்று அடித்தால் நாட்டுப்படகு போகாது. போட்ட நண்டு வலை போட்ட இடத்திலேயே கிடக்கும். வலையில் மாட்டிய நண்டு செத்து, சதை குழைந்துவிடும். வேகவைத்து உடைத்தால் சதை முழுசாக வராமல் ஓட்டையும் சவ்வையும் இழுத்துக்கொண்டு வரும். கடலில் நேர்ந்த கோளாறுக்கு மேசையில் ஆள் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த அக்கா ஒன்பது வருடமாக அங்கே வேலை பார்த்தவர். அவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

பிறகு செய்தவை எளியவை. நண்டு இறக்கும் இடத்திலேயே உயிர் நண்டு, ஒரு நாள் வலை, இரண்டு நாள் வலை என்று பிரித்து எடை போட்டோம். இரண்டு நாள் வலை நண்டுக்குத் தனி மேசை, கை நிதானமானவர்கள், கிலோவுக்குக் கூடுதல் கூலி. வெந்த நண்டை இரவு முழுக்கக் குளிரறையில் வைத்துச் சதை இறுகிய பிறகு காலையில் உடைத்தோம். படகுக்காரர்களுக்கு ஐஸ் பெட்டி கொடுத்தோம். இரண்டாவது செக்கிங் மேசையை எடுத்துவிட்டோம். அடுத்த சீசனில் அந்த வாங்குபவரிடமிருந்து ஓட்டுத் துண்டு பற்றிக் கடிதம் வரவில்லை.

அதனால் எந்தத் தர முறையை யார் கொண்டுவந்தாலும் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். அது படகு வரைக்கும் போகிறதா? சதை எடுக்கிற பெண் வாய் திறக்க அதில் இடம் இருக்கிறதா?

இப்போது கொட்டேஷன்களுக்கு வருகிறேன்.

ஐ.எஸ்.ஓ. 9001-ஐக் குறைத்துப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அப்படிப் பேசமாட்டேன். நம் கரையோரக் கம்பெனிகளில் பாதி விவரம் முதலாளியின் தலைக்குள்ளும் மீதி அவர் மைத்துனரின் போனுக்குள்ளும் இருக்கும். எந்தப் படகு நண்டு எந்த டப்பாவில் போனது, தெர்மாமீட்டரை எப்போது சரிபார்த்தோம், போன வருடப் புகாருக்கு என்ன செய்தோம் என்று கேட்டால் தாள் இருக்காது. இதையெல்லாம் எழுதி வைக்கிற ஒழுங்கை ஐ.எஸ்.ஓ. கொண்டுவரும். வெளிநாட்டு வாங்குபவரின் முதல் மின்னஞ்சலுக்குப் பதில் போட அந்தச் சான்றிதழ் உதவும். மூன்று வருடம் செல்லும், வருடா வருடம் கண்காணிப்புத் தணிக்கை உண்டு.

என் கவலை அதைக் கொண்டுவரும் விதத்தைப் பற்றியது. கன்சல்டன்ட் ஒரு தடிமனான மேனுவலோடு வருகிறார். வேறு ஊர்க் கம்பெனிக்கு எழுதியதில் பெயரை மாற்றியிருப்பார், அதுவும் ஆங்கிலத்தில். 2015-இல் வந்த பதிப்பு தர மேனுவல் கட்டாயம் என்கிற நிபந்தனையையே எடுத்துவிட்டது. உங்கள் வேலைக்கு எவ்வளவு எழுத்து தேவையோ அவ்வளவு போதும் என்கிறது. அப்படி இருந்தும் மேனுவலைத்தான் விற்கிறார்கள். தணிக்கைக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் சூப்பர்வைசர்கள் உட்கார்ந்து பழைய தேதி போட்டு ரெஜிஸ்டரை நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஆறு மாதத்துக் குளிரறை வெப்பநிலை. அன்றைக்குத் தாளில் பொய் எழுதக் கற்றுக்கொண்ட சூப்பர்வைசர், நாளைக்கு பாஸ்டரைஸ் சார்ட்டிலும் அதைச் செய்வார். எனக்குப் பயம் அதுதான்.

பாய் காட்டிய கொட்டேஷனில் கொள்முதல் பற்றி ஒரு பக்கம் இருந்தது: அங்கீகரிக்கப்பட்ட சப்ளையர் பட்டியல், வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீடு. நம் சப்ளையர் யார்? தேவிபட்டினத்திலோ மோர்ப்பண்ணையிலோ நண்டு எடுக்கும் ஏஜென்ட். அவருக்குப் பின்னால் முப்பது வத்தை, அதாவது சிறு நாட்டுப்படகு. அந்தப் பட்டியல் ஏஜென்ட் பெயரோடு நின்றுவிடும், வலை எத்தனை நாள் கிடந்தது என்கிற கேள்வி வரை போகாது. ஐ.எஸ்.ஓ. அதைத் தடுக்கவில்லை, நியாயமாகச் சொன்னால் இந்த விதிமுறைக்குள்ளேயே அவ்வளவு தூரம் போக முடியும். ஆனால் கட்டாயப்படுத்தாது. கட்டாயம் இல்லாததை இரண்டு மாதத்தில் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர் செய்யமாட்டார்.

சிக்ஸ் சிக்மாவுக்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. 1986-இல் மோட்டோரோலாவில் பிறந்தது. பத்து லட்சம் வாய்ப்புக்கு 3.4 குறை என்பது அதன் இலக்கு. ஒரே மாதிரி மூலப்பொருள், ஓயாமல் ஓடும் இயந்திரம், நிறைய அளவீடு இருக்கும் இடத்தில் நன்றாக வேலை செய்யும். நண்டு ஒவ்வொன்றும் ஒரு விதம். ஓடு கழற்றிய புது நண்டு உள்ளே தண்ணீராக இருக்கும், முற்றின நண்டு கனக்கும், காற்றடித்தால் எல்லாமே மாறும். நம்மிடம் அந்தக் கணக்குக்கு உட்காரக்கூடிய இடங்கள் மூன்றுதான்: டப்பா மூடியை இறுக்கும் சீமிங், நிரப்பும் எடை, பாஸ்டரைஸ் வெப்பம். அவற்றுக்கு 1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஷூஹார்ட் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடமே போதும். ஒரு கிராப் தாள், மேல் கோடு, கீழ் கோடு, மணிக்கு ஒரு புள்ளி. பிளஸ் டூ படித்த பெண்ணுக்கு இரண்டு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இரண்டு பேரை மதுரைக்கு அனுப்பி, பெல்ட் என்கிற சிக்ஸ் சிக்மா பட்டம் வாங்க வைக்கிற பணத்தில் குளிரறைக் கதவு ரப்பரை மாற்றுங்கள் என்று பாயிடம் சொன்னேன்.

மூன்றாவது டி.க்யூ.எம்.: முதலாளி முதல் தொழிலாளி வரை எல்லோரும் சேர்ந்து தரத்தைப் பார்ப்பது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. 1950-இல் டெமிங் என்கிற அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜப்பானுக்குப் போய்ப் புள்ளிவிவர முறையில் தரத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசினார். 1962-இலிருந்து ஜப்பானியப் பேராசிரியர் இஷிகாவா முன்னெடுத்த தர வட்டங்கள் அங்கே பரவின; ஒரே வேலை செய்கிற ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடி, தங்கள் வேலையில் உள்ள ஒரு சிக்கலைத் தாங்களே தீர்ப்பது. இந்தியாவில் முதல் தர வட்டம் 1980-இல் ஹைதராபாத் பெல் (BHEL) ஆலையில் தொடங்கியது. தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன், 1998-இல். நம் ஊர்த் தொழிலாளர்களால் ஆகாத காரியம் என்று யாராவது சொன்னால் பாடியைக் காட்டுவேன். ஆனால் அங்கேயும் அது பல வருட உழைப்பு. ஒன்றரை வருடத்தில் முடித்துத் தருகிறேன் என்று கொட்டேஷனில் எழுதியிருந்ததை நான் நம்பவில்லை. ஒன்றரை வருடத்தில் நல்ல தொடக்கம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நண்டு கம்பெனியில் அந்தத் தொடக்கம் எப்படி இருக்கும்? கத்தி, தட்டு, ஐஸ், கழிவுக் கூடை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும் ஐந்து எஸ் ஒழுங்கு. காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் நின்றபடியே கூட்டம்: நேற்று என்ன புள்ளி, இன்றைக்கு எந்த ஊர் நண்டு. மேசைக்கு ஒரு தர வட்டம். ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்வது. செலவு என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் குறைவு. விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டும்: முதலாளி தினமும் தளத்தில் நிற்க வேண்டும், காது கொடுக்க வேண்டும், சில பழைய பழக்கங்களை விட வேண்டும். அவற்றில் இரண்டு பெரியவை. இரண்டையும் தொடாமல் டி.க்யூ.எம். என்று போர்டு மாட்டுவதைவிட ஐ.எஸ்.ஓ.வோடு நின்றுகொள்வதே நேர்மை.

ஒன்று கூலி. சதை எடுப்பதற்குக் கிலோக் கணக்கில்தான் கூலி. எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு. ஓட்டுத் துண்டைப் பார்த்துப் பொறுக்கும் பெண்ணுக்கு அன்றைக்குக் கூலி குறையும். தரம் உங்கள் பொறுப்பு என்று சுவரில் எழுதிவிட்டு, தரத்தைப் பார்த்தால் நஷ்டம் என்று சம்பளக் கவரில் எழுதுகிறோம். ஒருமுறை ஒரு பெண் என்னிடம் கேட்டார்: "ஓடு பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா சாயங்காலம் அரிசிக்கு யாரு சார் காசு குடுப்பா?" எண்ணிக்கை இலக்கை எடுத்துவிடு, பயத்தை விரட்டு என்று டெமிங் தம் பதினான்கு கருத்துகளில் சொன்னது இந்தக் கேள்விக்கான பதில்தான்.

முழுக்க நாள் கூலிக்கு மாறிய ஒரு யூனிட்டையும் பார்த்தேன். கை வேகமான பெண்கள் கிலோக் கூலி கிடைக்கும் இடத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒத்துவந்தது கலப்பு முறை. நிச்சயமான நாள் கூலி ஒன்று, அதன் மேல் கிலோவுக்குக் கொஞ்சம், அதற்கும் மேல் மேசைக்குக் கூட்டாக ஒரு தொகை. லம்ப் உடையாமல் வந்த அளவையும் ஓட்டுத் துண்டுப் புள்ளியையும் பார்த்து அந்தக் கூட்டுத் தொகை. தனி ஆளுக்குக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் தவறைக் காட்டிக்கொடுப்பார்கள். மேசைக்குக் கொடுத்தால் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். உடையாத லம்பின் விலை வித்தியாசத்திலிருந்தே இந்தத் தொகை வந்துவிடும். பாயின் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து அவர்களுடைய விலையில் போட்டுப் பார்த்தோம், வந்தது.

இன்னொன்று கொள்முதல். நம் கடற்கரையில் படகுக்காரருக்கு ஏஜென்ட் முன்பணம் கொடுத்திருப்பார். வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க, வீட்டில் ஒரு கல்யாணம். அந்தப் பணம் தீரும்வரை நண்டு அவருக்குத்தான். செத்ததும் உயிரோடு இருப்பதும் ஒரே தராசு, ஒரே விலை. அப்படியிருக்கும்போது படகுக்காரர் ஐஸுக்கு ஏன் காசு போடுவார்? விலையை மட்டும் பார்த்து வாங்காதே, சப்ளையரோடு நீண்ட உறவு வை என்பதும் டெமிங்கின் பதினான்கில் ஒன்று. இங்கே அதற்குப் பொருள், உயிர் நண்டுக்கு விலை கூட்டு, அந்த வித்தியாசம் படகுக்காரர் கைக்கே போகிறதா என்று பார். ஏஜென்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அவர் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது, கஷ்ட காலத்தில் கைகொடுப்பவரும் அவர்தான். அவரையும் மாதக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுக் கிராப் தாளைக் காட்டுங்கள். வாடை நாள் புள்ளியைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிடும், என்னைவிடக் கடல் தெரிந்தவர்.

ஐஸ் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். போர்வெல்லில் உப்பு, மீதியை டேங்கர் கொண்டுவரும். ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்காமல் ஐஸ் பெட்டி கொடுப்பதில் பலன் இல்லை. ஐஸ் பிளான்ட் தண்ணீரின் குளோரின் அளவை வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை நண்டு கம்பெனியே எடுத்துக்கொள்ளட்டும். சோதனைக் கிட் விலை பெரிதில்லை.

மூன்றிலும் வராத நான்காவது வழி ஒன்று உண்டு. பாய்க்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் நடத்தும் ஜெட் (ZED; சரக்கில் குறை கூடாது, சுற்றுச்சூழலுக்குக் கேடு கூடாது என்பது அதன் பொருள்) சான்றிதழ். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. 2022-இல் திருத்திய திட்டத்தில் சான்றிதழ் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம் மானியம். வெண்கலப் படியில் கேட்பவற்றில் சில ஐந்து எஸ் ஒழுங்கோடு ஒத்துப்போகிறவை. தரையில் வேலை தொடங்கிய பிறகு எட்டாவது மாதம் போல இதற்கு விண்ணப்பித்தால், வெளியிலிருந்து ஒரு கண் பார்த்த மாதிரியும் ஆகும், கைக்காசும் அதிகம் போகாது. ஆனால் அமெரிக்க வாங்குபவருக்கு இந்தப் பெயர் பழக்கமில்லை, ஐ.எஸ்.ஓ.வின் இடத்தை இது நிரப்பாது.

எல்லாத் தொழிலுக்கும் இதே வரிசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாலிநோக்கம் பக்கம் உப்பு சுத்திகரித்து அயோடின் கலக்கும் யூனிட் வைத்திருப்பவர் கேட்டால் என் பதில் வேறு. அங்கே தரம் பெரும்பாலும் இயந்திரத்தில் இருக்கிறது. கடைக்குப் போனபின்னும் அயோடின் 15 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 15 பங்குக்கு, குறையக் கூடாது. தெளிப்பான் ஒழுங்காக ஓடுகிறதா, பைக்குள் ஈரம் போகிறதா என்பதுதான் கேள்வி. அவருக்குக் கட்டுப்பாட்டு வரைபடமும் ஐ.எஸ்.ஓ.வின் பதிவு ஒழுங்கும் முதலில் வரட்டும். பாசி காயவைத்து வாங்கும் யூனிட் என்றால் மறுபடி நண்டு கதைதான்: கடற்பாசியில் மணல் ஏறுவதும் ஈரம் நிற்பதும் கரையில், காயப்போடும் பெண்களின் தார்ப்பாயில் நடக்கிறது. அவர்களை விட்டுவிட்டு ஆலைக்குள் செய்யும் எந்த முறையும் பாதி வேலைதான்.

ஆக, பாயிடம் நான் சொன்ன வரிசை இது. சிக்ஸ் சிக்மா கொட்டேஷனை நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஐ.எஸ்.ஓ.வை ஒரு வருடம் தள்ளிவையுங்கள்; அதற்குள் தரையில் உருவாகும் தாள்களும் தமிழில் எழுதிய வேலைக் குறிப்புகளும்தான் பின்னால் ஐ.எஸ்.ஓ.வுக்கு வேண்டிய ஆவணம், அப்போது செலவும் குறையும், எழுதுவதும் உண்மையாக இருக்கும். டி.க்யூ.எம். ஆரம்பியுங்கள், ஆனால் கொட்டேஷன் கொடுத்தவரிடம் முதல் மாதத்தைப் படகிலும் இறங்குதளத்திலும் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அந்த நிலையத்தின் தலைமையகமே மண்டபம் முகாமில்தான் இருந்தது. நண்டின் பருவம், ஓடு கழற்றும் காலம் பற்றியெல்லாம் கேட்க அவ்வளவு பக்கத்தில் ஆள் இருக்க, நாம் போய்க் கேட்பதில்லை.

ஒரு விதிவிலக்கு சொன்னேன். கையில் இருக்கும் ஒப்பந்தத்திலேயே வாங்குபவர் ஐ.எஸ்.ஓ. என்று எழுதி, தேதியும் போட்டிருந்தால் வாதாட நேரமில்லை. முதலில் அதை வாங்குங்கள். அப்போதும் ஆவணங்களைத் தமிழில் எழுதுவேன் என்று சொல்கிற கன்சல்டன்டைத் தேடுங்கள்.

காலமும் சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு நண்டு மட்டும் வரும், கம்பெனியில் பாதி மேசை காலியாக இருக்கும். பயிற்சிக்கும் கூலி முறையைப் பேசி முடிப்பதற்கும் குளிரறையைப் பழுது பார்ப்பதற்கும் அதைவிட நல்ல காலம் கிடையாது. சீசன் உச்சத்தில் தொடங்கினால் நாலாவது நாளே கைவிட்டுவிடுவார்கள்.

பாய் உடனே சரி சொல்லவில்லை. கூலி விஷயம் அவரை உறுத்தியது. "பக்கத்து கம்பெனிக்காரங்க என்ன சொல்வாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். மூன்று நாள் கழித்து போன் செய்தார். ஐ.எஸ்.ஓ. கொட்டேஷனை டிராயரில் வைத்துவிட்டேன், ஒரே ஒரு மேசையில் மட்டும் கூட்டுத் தொகை கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். நல்லது, அப்படியே செய்யுங்கள் என்றேன்.

போன வாரம் போனபோது கிராப் தாள் முதலாளி அறையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. பெண்கள் அந்த அறைக்குள் வருவதே இல்லை. கழற்றிக் கொண்டுபோய், ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினோம். நூலில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தபோது, காற்றடித்த நாளுக்கு நேராக யாரோ சின்னதாக ஒரு படகு வரைந்து, பக்கத்தில் ஊர்ப் பெயரையும் எழுதியிருந்தார்கள்.